பூட்டிய பெட்டியும் திறந்த சட்டமும்

கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து, இருபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குப் போய், அங்கே நியூ ஜேர்சி மாநிலத்தில் குடும்பத்தோடு வாழ்கின்ற என் தமக்கையின் மகன் அண்மையில் விடுமுறைக்காகக் கொழும்பு வந்திருந்தான். வெள்ளவத்தையில் என் வீட்டு பல்கனியில் இருந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது தன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். இரண்டு பூட்டுகள் போட்ட, கரிய நிறமுடைய ஒரு சிறு பெட்டி. ஏதோ விலையுயர்ந்த புகைப்படக் கருவியாக்கும் என்று நினைத்தேன்.

"துவக்கு, மாமா" என்றான்.

நான் திடுக்கிட்டதைக் கண்டு சிரித்துவிட்டு விளக்கமளித்தான். அது 0.22 அங்குலக் குழாய் கொண்ட விளையாட்டுக் கைத்துப்பாக்கி. விடுமுறை நாட்களில் டெலவெயர் ஆற்றைக் கடந்து அயல் மாநிலமான பென்சில்வேனியாவில் உள்ள சுடுகளம் ஒன்றுக்குச் சென்று, 25 மீற்றர் தூரத்தில் தொங்கும் காகித வட்டத்தைக் குறிபார்த்துச் சுடுவது அவனுடைய பொழுதுபோக்கு. சிலருக்குச் சதுரங்கம், சிலருக்குத் தூண்டில். இவனுக்கு இது.

எப்படிக் கொண்டு போவாய் என்று கேட்டேன். "வீட்டிலையே ரவையெல்லாம் எடுத்துப்போடுவன். துவக்கு ஒரு பெட்டியிலை, ரவை வேறை பெட்டியிலை. இரண்டையும் பூட்டிக் காரின்ரை டிக்கியிலை வைப்பன். வழியிலை ஒரு கடைக்குக்கூட இறங்கிறதில்லை. நேரை போய் நேரை வாறது."

"ஏன், கடைக்கு இறங்கக் கூடாதோ?"

"இறங்கலாமோ தெரியாது, மாமா. அதாலைதான் இறங்கிறதில்லை."

அந்தக் கடைசி வாக்கியம் என்னை விட்டு அகலவில்லை. அனுமதிப்பத்திரம் உள்ளவன், வரி செலுத்துபவன், குற்றம் எதுவும் புரியாதவன். ஆனாலும் ஒரு பாண் வாங்கக் காரை நிறுத்தலாமா என்பது அவனுக்குத் தெரியாது. தெரியாததால் அஞ்சுகிறான். இந்த அச்சத்தை நான் எங்கோ கண்டிருக்கிறேனே என்று யோசித்தேன். வேறெங்கும் அல்ல, இதே காலி வீதியில்தான் கண்டிருக்கிறேன். ஆகவேதான் எனக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு விடயத்தைப் பற்றி இங்கே எழுதத் துணிகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். துப்பாக்கி வைத்திருப்பது மனிதனின் பிறப்புரிமை என்ற அமெரிக்க வாதத்தை ஏற்பவன் அல்லன் நான். பத்திரிகைத் தொழிலில் கழிந்த என் வாழ்நாளில் துப்பாக்கி செய்த வேலையைப் பற்றித் தலைப்புச் செய்தி எழுதி எழுதிக் கை சலித்தவன். நாட்டில் துப்பாக்கிகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்பதே என் கட்சி. ஆனால் சட்டம் ஒருவருக்கு ஒரு பொருளை வைத்திருக்க அனுமதி கொடுத்த பின்னர், அதை அவர் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு செல்லும் வழியையும் தெளிவாக எழுதிக் கொடுக்க வேண்டும். விதி எவ்வளவு கடுமையாகவும் இருக்கலாம். அது எழுத்தில் இருக்க வேண்டும், எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது இவ்வளவே.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு துப்பாக்கிச் சட்டம். ஓர் ஆற்றின் இக்கரையில் உரிமையாக இருப்பது அக்கரையில் குற்றமாகிவிடும். இதைச் சீர்செய்வதற்காக 1986 இல் மத்திய அரசு ஒரு சட்டம் இயற்றியது. புறப்படும் இடத்திலும் போய்ச்சேரும் இடத்திலும் ஒருவர் அந்தத் துப்பாக்கியைச் சட்டப்படி வைத்திருக்கலாம் என்றால், இடையில் உள்ள மாநிலங்களின் ஊடாக அதைக் கொண்டு செல்லலாம். ரவை நிரப்பியிருக்கக் கூடாது. துப்பாக்கியோ ரவையோ வாகனத்தில் இருப்பவரின் கைக்கு எட்டக் கூடாது. பின்புறப் பெட்டி தனியாக இல்லாத வாகனம் என்றால் பூட்டிய பேழையில் வைக்க வேண்டும். முன்னிருக்கைக்கு எதிரேயுள்ள சிறு அறை அதற்குப் போதாது. வாசிக்க எளிமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் வழி என்பது எப்போதும் நேராக இருப்பதில்லையே. 2005 இல் யூட்டா மாநிலத்தவர் ஒருவர் துப்பாக்கியைப் பூட்டிப் பயணப்பொதியில் வைத்து, முறைப்படி அறிவித்து, பென்சில்வேனியாவுக்குப் புறப்பட்டார். நியூ ஜேர்சியின் நியூவார்க் விமான நிலையத்தில் இணைப்புப் பயணம் தவறியது. பொதி கைக்கு வந்தது. வேறு வழியின்றி அதை எடுத்துக்கொண்டு ஓர் இரவு ஹோட்டலில் தங்கினார். மறுநாள் விமான நிலையத்துக்குத் திரும்பி, பெட்டியில் துப்பாக்கி இருக்கிறது என்று தாமே சொன்னார். கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டு பின்னர் கைவிடப்பட்டது. எனினும் அவர் தொடுத்த வழக்கில் 2010 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், ஹோட்டலில் அந்தப் பொதி அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததால் 1986 ஆம் ஆண்டுச் சட்டம் அவரைக் காக்காது என்று தீர்ப்பளித்தது. அவர் தம் தவறின்றியே அந்த நிலைக்கு ஆளானார் என்பதை நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. ஒரு விமானம் தாமதமானது, ஒரு மனிதன் கைதியானான்.

2013 இல் அதே மாநிலத்தில் இன்னொன்று நிகழ்ந்தது. பிலடெல்பியாவைச் சேர்ந்த இரு பிள்ளைகளின் தாய், தமது மாநிலம் வழங்கிய அனுமதிப்பத்திரம் எங்கும் செல்லும் என்று நம்பிக் கைத்துப்பாக்கியோடு நியூ ஜேர்சிக்குள் காரோட்டி வந்தார். சாதாரண வீதிச் சோதனையில் பொலிஸார் மறித்தபோது, என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று தாமாகவே உண்மையைச் சொன்னார். ஆண்டுக்கணக்கான கட்டாயச் சிறைத்தண்டனை அவருக்கு முன்னால் நின்றது. 2015 இல் ஆளுநர் பொதுமன்னிப்பு அளித்த பின்னரே அந்த நிழல் நீங்கியது. அவர் கொண்டு வந்த முறை தவறானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மறைத்தவரைப் பற்றியதல்ல இந்தக் கதை. சொன்னவரைப் பற்றியது.

நியூ யோர்க் நகரத்தின் கதை இன்னும் விசித்திரமானது. வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருக்க மட்டும் அனுமதி பெற்றவர், நகர எல்லைக்குள் உள்ள 7 சுடுகளங்களுக்கே அதைக் கொண்டு போகலாம். எல்லைக்கு வெளியே உள்ள களத்துக்குக் கொண்டு போகக் கூடாது. பூட்டினாலும் கூடாது, ரவையை நீக்கினாலும் கூடாது. இதை எதிர்த்த வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்டதும் நகர நிர்வாகம் 2019 இல் அவசரமாக விதியை மாற்றிக்கொண்டது. ஆகவே இனித் தீர்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று 2020 ஏப்ரலில் நீதிமன்றம் கூறிவிட்டது. பல ஆண்டுகளாகப் பாதுகாப்புக்கு இன்றியமையாதது என்று சொல்லப்பட்ட ஒரு விதி, நீதிபதிகள் ஏன் என்று கேட்கப்போகிறார்கள் என்றவுடன் காணாமற் போயிற்று. காரணம் சொல்ல முடியாத விதியின் ஆயுள் அவ்வளவுதான்.

நம்மவர் வாழும் ஏனைய நாடுகளையும் பாருங்கள். பிரித்தானியாவில் 1996 மார்ச்சில் டன்பிளேன் ஆரம்பப் பாடசாலையில் 16 பிள்ளைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்ட பின்னர், 1997 இல் இயற்றப்பட்ட சட்டங்களால் கைத்துப்பாக்கிகள் ஏறக்குறைய முற்றாகத் தடைசெய்யப்பட்டன. அந்நாட்டுப் பிஸ்டல் வீரர்கள் வெளிநாடு சென்று பயிற்சி பெற வேண்டியதாயிற்று. 2012 இல் இலண்டன் ஒலிம்பிக் போட்டிக்காகச் சிறப்பு அனுமதி கொடுக்கப்பட்டது. கனடாவில் 2022 ஒக்டோபர் 21 முதல் தனியார் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் நிறுத்தப்பட்டன. ஏற்கெனவே வைத்திருப்பவர் சுடுகளத்துக்குக் கொண்டு செல்ல வேண்டுமாயின் அதற்கெனத் தனி அனுமதி வேண்டும். ரவை நீக்கி, விசைக்குப் பூட்டிட்டு, உள்ளே இருப்பது தெரியாத பெட்டியில் வைத்து மீண்டும் பூட்டி, கூடியவரை நேர் வழியாகச் செல்ல வேண்டும். இவை கடுமையான சட்டங்கள். இவற்றைக் குறைகூற எனக்கு மனமில்லை. டன்பிளேன் பெற்றோரின் முகங்களை நினைத்தால் எந்த விளையாட்டும் பெரிதாகத் தோன்றவில்லை. கடுமை வேறு, தெளிவின்மை வேறு.

அயலில் உள்ள இந்தியாவுக்கு வருவோம். 2021 பெப்ரவரியில் மனு பாக்கர் என்ற பத்தொன்பது வயது வீராங்கனை, பயிற்சிக்காகப் போபாலுக்குச் செல்லத் தம் விளையாட்டுத் துப்பாக்கிகளுடன் டில்லி விமான நிலையத்துக்கு வந்தார். உரிய பத்திரங்கள் தம்மிடம் இருந்தும் விமானத்தில் ஏற விடாமல் தடுத்துப் பணம் கேட்கிறார்கள் என்று அவர் சமூக வலைத்தளத்தில் எழுதினார். விதிப்படியே நடந்துகொண்டோம் என்றது விமான நிறுவனம். மத்திய விளையாட்டு அமைச்சர் தலையிட்ட பின்னரே அவர் விமானம் ஏறினார். அதே மனு பாக்கர் 2024 பரிஸ் ஒலிம்பிக்கில் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் இரண்டு வெண்கலப் பதக்கங்களை வென்றார் என்பதை வாசகர்கள் அறிவர்.

யார் சொன்னது சரி என்ற விசாரணைக்கு நான் போகவில்லை. என் கேள்வி வேறு. அமைச்சரின் செவிக்கு எட்டும் குரல் அவருக்கு இருந்தது. அஜித் குமார் போன்ற நட்சத்திர நடிகர் திருச்சியில் நடக்கும் மாநிலப் போட்டிக்குத் துப்பாக்கியோடு போனால் பொலிஸாரே கூட்டத்தை விலக்கி வழிசமைப்பர். ஆனால் சிற்றூர் ஒன்றிலிருந்து இரவு ரயிலில் போட்டிக்குப் புறப்படும், யாரும் அறியாத ஒரு பையனை மேடையில் மறித்தால் அவன் யாரிடம் முறையிடுவான்? அவனுக்குத் துணை ஒரு தாள்தான். அந்தத் தாளில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். இலங்கையில் மாநிலங்கள் இல்லை, ஆகவே மாநில எல்லைகளும் இல்லை. துப்பாக்கிகளை ஆளுவது 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். வெள்ளையர் காலத்தில், 1915 கலவரத்துக்கு மறு ஆண்டில் வந்த சட்டம். 1996 இல் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பயிர் காக்க வைத்திருக்கும் வேட்டைத் துப்பாக்கி மாவட்டச் செயலகத்தோடு தொடர்புடைய விடயம், தற்பாதுகாப்புக் கைத்துப்பாக்கி பாதுகாப்பு அமைச்சோடு தொடர்புடைய விடயம். சுடுதல் விளையாட்டு இங்கே பெரும்பாலும் முப்படையினருடைய விளையாட்டாகவே இருந்து வருகிறது. 2012 இல் இலண்டனுக்கு மங்கள சமரகோனும், 2021 இல் டோக்கியோவுக்குத் தெஹானி எகொடவெலவும் சென்றார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்தோ வெள்ளவத்தையிலிருந்தோ ஒரு தமிழ்ப் பிள்ளை பிஸ்டல் பெட்டியோடு பயிற்சிக்குப் போவதைக் கற்பனை செய்துகூடப் பார்க்க எம் தலைமுறையால் முடியாது.

ஆயினும் ஒருமுறை, சட்டப்படி வைத்திருந்த கைத்துப்பாக்கியோடு ஒரு தமிழர் இந்நகரத்தைக் கடந்து சென்றதை அருகிலிருந்து கண்டேன். 2024 நவம்பர் 7 ஆம் திகதிக்கு முன்னர், தற்பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட துப்பாக்கிகளையும் ரவைகளையும் மீளாய்வுக்காகத் தற்காலிகமாக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு அறிவித்திருந்தது. ஒப்படைக்க வேண்டிய இடம் வெலிசறையில் கடற்படையினரின் பொறுப்பில் உள்ள பிரிவு. நல்ல நடவடிக்கை என்றே நான் நினைத்தேன். இன்றும் அப்படியே நினைக்கிறேன். யாரிடம் எத்தனை துப்பாக்கி உண்டு, ஏன் உண்டு என்று அரசு எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

எனக்கு நெடுநாட் பழக்கமான முதிய வர்த்தகர் ஒருவரிடம் அப்படியொரு ரிவோல்வர் இருந்தது. கப்பக் கோரிக்கைகளும் கடத்தல்களும் மலிந்திருந்த காலத்தில் அனுமதி பெற்று வாங்கியது. ஒருநாளும் சுட்டதில்லை. பத்திரிகை நறுக்கு ஒன்றோடு என் வீட்டுக்கு வந்தார். "தம்பி, எங்கை குடுக்கிறது, எப்ப குடுக்கிறது எண்டு இதிலை இருக்கு. எப்படிக் கொண்டு போறது எண்டு இல்லையே. ரவையை வேறையா வைக்கிறதோ? முச்சக்கர வண்டியிலை போகலாமோ? வழியிலை மறிச்சால் நானாச் சொல்லுறதோ, கேட்டாப் பிறகு சொல்லுறதோ?"

என்னிடம் பதில் இல்லை. சட்டத்தரணி ஒருவரைக் கேட்டோம். ரவையை நீக்குங்கள், பூட்டிய பெட்டியில் வையுங்கள், அனுமதிப்பத்திரத்தை மேலே வையுங்கள் என்றார். அது பொதுப்புத்தி. அச்சிட்ட அறிவுறுத்தல் ஒன்றை நாங்கள் மூவரும் கையில் பிடித்துப் படிக்கவில்லை. வெள்ளவத்தையிலிருந்து வெலிசறை சுமார் 20 கிலோமீற்றர். அந்த 20 கிலோமீற்றருக்காக அவர் முந்தைய இரவு உறங்கவில்லை என்று அவருடைய மனைவி பின்னர் சொன்னார். மறுநாள் நண்பகல் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "ஒருத்தரும் மறிக்கேல்லை, தம்பி. வாங்கின பெடியன் மரியாதையாத்தான் கதைச்சவன்."

ஒருவரும் மறிக்கவில்லை. அப்படியானால் அந்த முதியவர் ஏன் உறங்கவில்லை? பிற நாட்டு வாசகருக்கு இது விளங்காமற் போகலாம். எங்கள் தலைமுறைத் தமிழருக்கு விளக்கம் வேண்டியதில்லை.

மாநில எல்லை இல்லாத நாடு என்றேன். ஆனால் எல்லைகள் இருந்தன. 1990 களில் வடக்குக்கு எடுத்துச் செல்லத் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் மின்கலமும் இருந்தது. ஆம், வானொலிக்கும் டோர்ச் லைட்டுக்கும் போடுகின்ற பற்றரிதான். ஒரு சோடி பற்றரியைச் சேலை மடிப்பினுள் மறைத்துக் கொண்டுபோன கிழவிகளை நான் அறிவேன். வவுனியாவிலிருந்து தெற்கே வருவதற்குப் பாஸ் எடுக்க வேண்டியிருந்தது. கொழும்பிலோ தெருவுக்குத் தெரு சாவடி. தேசிய அடையாள அட்டை போதாது. வீட்டில் தங்கியிருப்போரின் பெயர்களைப் பொலிஸில் பதிந்த தாளும் வேண்டும். அந்தத் தாள் இருந்தால் போதுமா என்றால் அதுவும் சாவடியில் நிற்பவரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். 1989 என்று நினைவு. இன்று நியூ ஜேர்சியில் இருக்கும் இதே மருமகனுக்கு அப்போது எட்டு வயதிருக்கும். கோயில் திருவிழாக் கடையில் அவனுக்காக ஒரு பொட்டுவெடித் துப்பாக்கி வாங்கினேன். தகரத்தால் செய்தது. கடதாசிப் பையில் போட்டு எடுத்து வரும் வழியில் சாவடி ஒன்றில் மறித்தார்கள். பையைத் திறந்து பார்த்த சிப்பாய் சிரித்தான். நானும் சிரித்தேன். பின்னர் அடையாள அட்டையைக் கேட்டான். பெயரைப் படித்ததும் அவனுடைய சிரிப்பு நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம் வெயிலில் நிறுத்தப்பட்டேன். பையில் இருந்தது விளையாட்டுப் பொருள் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்று சோதிக்கப்பட்டது பை அல்ல. அந்தப் பொம்மைத் துப்பாக்கி திரும்பி வரவும் இல்லை.

அதைவிடப் பெரிய காட்சி 2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலையில் அரங்கேறியது. கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தை ஆகிய இடங்களின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் படுக்கையிலிருந்து எழுப்பப்பட்டுப் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவை நோக்கி அனுப்பப்பட்டார்கள். கொழும்பில் தங்குவதற்குத் தகுந்த காரணம் இல்லை என்பதே அவர்கள் மீதான குற்றம். எது தகுந்த காரணம் என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. வைத்தியசாலைக்கு வந்தவருக்கும் வெளிநாட்டு வீசாவுக்குக் காத்திருந்தவருக்கும் அது பொருந்தவில்லை. மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. அப்போதைய பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்கவும் வருத்தம் தெரிவித்தார். எழுதப்படாத விதி ஒரே இரவில் என்ன செய்யும் என்பதற்கும், எழுதப்பட்ட உத்தரவு ஒரே பகலில் என்ன செய்யும் என்பதற்கும் அந்த இரண்டு நாட்களே சாட்சி.

இந்த இடத்தில் ஒரு நண்பர் குறுக்கிட்டுக் கேட்கலாம். "நீர் சொல்வது சரிதான். ஆனால் துப்பாக்கி என்பது பற்றரி அல்லவே. நகரத்தில் ஆட்கள் சுட்டுக் கொல்லப்படும்போது அனுமதிப்பத்திரக்காரரின் தூக்கத்தைப் பற்றி ஏன் கவலை?"

நியாயமான கேள்வி. பதிலுக்கு இரண்டு சம்பவங்களை நினைவூட்டுகிறேன். 2008 ஜனவரி முதலாம் திகதி கொட்டாஞ்சேனை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலில் வழிபட்டுக்கொண்டிருந்த நாடாளுமன்ற உறுப்பினர் தியாகராஜா மகேஸ்வரன் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றைய கொழும்பில் கொட்டாஞ்சேனையைப் போல் சோதனைக்குள்ளான பகுதி வேறெதுவும் இருந்திராது. பாற்சோறு கொண்டுபோன பாத்திரத்தையும் திறந்து பார்த்த காலம். இருந்தும் புத்தாண்டு நாளில் கோயிலுக்குள் துப்பாக்கி வந்தது. 2025 பெப்ரவரி 19 ஆம் திகதி அளுத்கடை நீதிமன்றத்தினுள் கணேமுல்ல சஞ்சீவ என்ற பாதாள உலகத் தலைவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சட்டத்தரணி வேடத்தில் வந்தவருக்காக ரிவோல்வர் ஒளித்துக் கொண்டுவரப்பட்டது உட்பக்கம் குடையப்பட்ட ஒரு சட்டப் புத்தகத்தில்.

கொலைக்கு வரும் துப்பாக்கி அனுமதிப்பத்திரத்தைத் தேடுவதில்லை, பூட்டிய பெட்டியில் வருவதில்லை, எப்படிக் கொண்டு போவது என்று யாரிடமும் கேட்பதுமில்லை. ஆகவே சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெயரைப் பார்த்துச் சோதிக்கும் பொலிஸ் கண், பொருளைப் பார்க்கத் தவறிவிடும் என்கிறேன். 1989 இல் என் பெயரைப் படிப்பதற்குச் செலவிட்ட முக்கால் மணி நேரத்தில் அந்தச் சாவடியை எத்தனை வாகனங்கள் கடந்திருக்கும்? கறுப்புக் கோட்டைக் கண்டு மரியாதையோடு விலகிய கண்ணுக்கும், தமிழ்ப் பெயரைக் கண்டு சிவந்த கண்ணுக்கும் உள்ள நோய் ஒன்றுதான். இரண்டுமே ஆளைப் பார்த்தன.

இன்னுமொன்றையும் கவனிக்க வேண்டும். சாதாரண குடிமகன் ஒரு ரிவோல்வரோடு 20 கிலோமீற்றர் போக அஞ்சுகின்ற நாட்டில், அதிகாரமுள்ளோருக்குக் கொடுக்கப்பட்ட துப்பாக்கிகள் எங்கெங்கே பயணம் செய்தன என்று கேட்பாரில்லாத காலமும் இருந்தது. தமது பாதுகாப்புக்கென இராணுவம் வழங்கிய கைத்துப்பாக்கி ஒன்று பாதாள உலகத்தவரின் கைக்குப் போனது எவ்வாறு என்ற விசாரணையில் முன்னாள் அமைச்சர் டக்ளஸ் தேவானந்தா 2025 டிசம்பரில் கைது செய்யப்பட்டார். குற்றம் உண்டா இல்லையா என்பதை நீதிமன்றமே சொல்ல வேண்டும். அதற்கு முன் தீர்ப்பெழுதுவது பத்திரிகைக்காரன் வேலையன்று. ஆனால் கேள்வி கேட்கப்பட்டதே நல்ல அறிகுறி. வயோதிப வர்த்தகரின் ரிவோல்வருக்கும் அமைச்சரின் பிஸ்டலுக்கும் ஒரே பதிவேடு, ஒரே கணக்கு என்ற நிலை வருமாயின் அதை வரவேற்பேன்.

என் யோசனைகள் எளியவை. ஒவ்வொரு துப்பாக்கி அனுமதிப்பத்திரத்தோடும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் ஒரு பக்கத் தாள் கொடுக்கப்பட வேண்டும். எங்கே கொண்டு போகலாம், எப்படிப் பூட்ட வேண்டும், ரவையை எங்கே வைக்க வேண்டும், வழியில் நிற்கலாமா, பயணம் தடைப்பட்டால் எந்தப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்கலாம், மறித்தால் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்பன அதில் இருக்க வேண்டும். நியூவார்க்கில் அகப்பட்டவருக்கு இல்லாமற் போனது அந்தக் கடைசி இரண்டு வரிகள்தான். மறித்துச் சோதிப்பவரும் தம் பெயர், இலக்கம், நேரம் ஆகியவற்றை எழுதிக் கொடுக்க வேண்டும். மீறியவருக்குத் தண்டனை கடுமையாகவே இருக்கட்டும். ஆனால் உண்மையைத் தாமாகச் சொன்னவரும் மறைத்துப் பிடிபட்டவரும் ஒரே தட்டில் நிறுக்கப்படக் கூடாது. சொன்னவனைத் தண்டித்தால் அடுத்தவன் சொல்லமாட்டான்.

இது துப்பாக்கிக்கு மட்டும் உரிய யோசனையன்று. அரசின் கண்ணுக்கு அபாயமாகப் படும் எந்தப் பொருளைச் சுமந்து செல்லும் குடிமகனுக்கும் இது பொருந்தும். விவசாயி கொண்டு செல்லும் பசளைக்கும், மீனவன் கொண்டு செல்லும் எரிபொருளுக்கும், பத்திரிகையாளன் கொண்டு செல்லும் புகைப்படக் கருவிக்கும் பொருந்தும். துப்பாக்கியைப் போன்ற அபாயமான பொருளுக்கே நேர்மையான விதி ஒன்றை எழுத முடியுமாயின், பற்றரிக்கும் படுக்கைக்கும் எழுத முடியாதா?

மருமகன் புறப்படுவதற்கு முதல்நாள் என் மேசை இழுப்பறையை ஒழுங்குபடுத்த உதவினான். பழைய தாள்களிடையே மடித்து வைத்திருந்த பொலிஸ் பதிவுத் தாள் ஒன்று அகப்பட்டது. மடிப்புகளில் கிழிந்து, முத்திரை மங்கியிருந்தது.

"இதை ஏன் மாமா இன்னும் வைச்சிருக்கிறியள்? இப்ப ஒருத்தரும் கேக்கிறதில்லையே?"

"கேக்க மாட்டினமோ தெரியாது, தம்பி. அதாலைதான் வைச்சிருக்கிறன்" என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. தாளை முன்பிருந்தபடியே மடித்து, இழுப்பறையில் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டான்.